பதிமூன்றாம் வசனமும் அதற்கு அடுத்ததும்

அன்பான அக்கம்பக்கத்தாருக்கும், சபையாருக்கும், பெயர் கேட்டு வைத்துக்கொள்ளாமல் விட்டுவிட்ட பலருக்கும்,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். சபைக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு வணக்கம், பாய் வீட்டாருக்கு சலாம்.

போன ஞாயிறு எங்கள் வீட்டுக்காரர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு திருவிருந்துக்கு நடந்து போனதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். ஐந்தாவது பெஞ்சிலிருந்து பீடம் வரை இருபத்திரண்டு எட்டு. பின்னாலேயே எண்ணிக்கொண்டு போனேன். ஆராதனை முடிந்ததும் எங்கள் சபைப் போதகர் ஐயர், "அறிவிப்பு நேரத்தில் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாமே அம்மா" என்றார். மைக்கைப் பிடித்தால் அழுதுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதுவும் இல்லாமல், நன்றி சொல்லவேண்டியவர்களில் பாதிப் பேர் கோயிலுக்கு வருகிறவர்களே இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

2024 ஜூலையில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழவில்லை. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒன்றாகப் போயின. முதலில் கொண்டு போன இடத்தில் "பிரஷர்தான், டிரிப்ஸ் ஏறினால் சரியாகிவிடும்" என்று மூன்று மணி நேரம் படுக்கவைத்தார்கள். ஆட்டோ பாய்தான் வாசலில் நின்று அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது வாதம், ஜிப்மருக்குப் போயிடலாம்" என்று 108-க்கு போன் போட்டார். ஆம்புலன்சில் நான் ஏறிவிட்டேன். என் பையையும் பூட்டாத வீட்டையும் அவர் பார்த்துக்கொண்டார். கடலூரிலிருந்து புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நாலரை மணி நேரம் தாண்டியிருந்தது. இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து நினைவில் வையுங்கள்: வாய் கோணினாலோ, கை தூக்க முடியாவிட்டாலோ, பேச்சு குழறினாலோ உடனே மணியைப் பாருங்கள். தலை ஸ்கேன் எடுக்கும் வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரே போங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

வார்டில் பதினாறு நாள். அங்கே வேலை பார்த்த ஓர் அம்மா எனக்கு ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தார். பழைய வேட்டியை நாலாக மடித்து இடுப்புக்குக் கீழே குறுக்காகப் போடவேண்டும். இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சேர்ந்து நகர்த்தவேண்டும். "தூக்காதே, நகர்த்து. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் போடு. இல்லேன்னா முதுகு புண்ணாயிடும்." அவர் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன். ஒரு வருஷத்துக்கு மேல் படுக்கையோடு போராடியும் என் வீட்டுக்காரர் முதுகில் ஒரு புண் கிடையாது. அம்மா, நீங்கள் நன்றாயிருக்கவேண்டும்.

ஆனால் அந்த வித்தைக்கு இரண்டு பேர் வேண்டும். அங்கேதான் என் பாவத்தைச் சொல்லவேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் பெண்கள் சங்கத்து அக்காமார் நாலு பேர் வாசலில் வந்து நின்றார்கள். முறை வைத்து வருகிறோம் என்றார்கள். "கர்த்தர் பெலன் தருவார், நீங்கள் சிரமப்படவேண்டாம்" என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். சுவரில் தொங்கும் காலண்டரில், "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. சின்ன வயதிலிருந்து மனப்பாடம். அதை விசுவாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முக்கால்வாசி வீம்பு. யாரும் என் வீட்டுப் படுக்கையைப் பார்க்கக்கூடாது, யாருக்கும் கடன்படக்கூடாது என்கிற ரோஷம்.

ஒன்பதாம் நாள் குளியலறையில் அவரைத் தாங்கிப் பிடித்தபடியே வழுக்கி, இரண்டு பேரும் விழுந்தோம். அவர் என் மேல் கிடந்தார். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குப் பேச்சு கிடையாது. எனக்குக் கத்த வெட்கம். முக்கால் மணி நேரம் அப்படியே கிடந்திருப்போம். மேல்தொட்டி நிரம்பி வழிய மோட்டாரை நிறுத்தச் சொல்லி வந்த எதிர்வீட்டு அக்கா, கொல்லைக் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் கக்கத்தில் கை கொடுத்தார். ஈர உடம்பைத் துடைத்து, கட்டிலில் போட்டு, எனக்கு வென்னீர் வைத்துக் கொடுத்துவிட்டு, "நாளையிலேர்ந்து காலைல ஆறு மணிக்கு வருவேன், கதவைத் தாழ் போடாதே" என்றார். வெள்ளிக்கிழமை தவறாமல் பாடலீஸ்வரரைப் பார்க்கப் போகிற அக்கா. அன்று முதல் வெள்ளிக்கிழமையிலும் ஆறு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போவார்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அலாரம் வைத்து எழுகிறவளுக்கு நடுவில் தூக்கம் வராது. அப்படி ஒரு ராத்திரி, அந்தக் காலண்டர் வசனம் வரும் பிலிப்பியர் நிருபத்தை முதலிலிருந்து வாசித்தேன். அந்த வசனம் நாலாம் அதிகாரத்தில் பதிமூன்றாவது. அதோடு நான் எப்போதும் நிறுத்திவிடுவேன். அன்றைக்கு அடுத்ததையும் வாசித்தேன்: "ஆயினும் நீங்கள் என் உபத்திரவத்தில் என்னுடனே உடன்பட்டது நலமாயிருக்கிறது." சிறையில் இருந்த பவுலுக்கு பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து கையில் உதவி கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். அதற்குப் பதில் எழுதும் இடத்தில்தான் அந்தப் பெலன் வசனமே வருகிறது. எல்லாவற்றையும் செய்யப் பெலனுண்டு என்று எழுதிய மனிதர், வந்த உதவியைத் திருப்பி அனுப்பவில்லை. நானோ நாலு பேரைக் காபி கொடுத்து அனுப்பியவள்! விடிந்ததும் சங்கத்துத் தலைவி அக்காவுக்குப் போன் போட்டேன். "எப்போ கூப்பிடுவேன்னு பார்த்துக்கிட்டிருந்தோம்" என்றார். கோபமே இல்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் நீங்கள் செய்தது. ஞாயிறுபள்ளிக்குப் போகும் எங்கள் தெருப் பையன் ஒருநாள், வேட்டியின் இரண்டு ஓரத்தையும் நானும் அக்காவும் பிடித்திருந்ததைப் பார்த்து, "மோசே கையைத் தாங்கினாங்களே, ஆரோனும் ஊரும், அது மாதிரி" என்றான். ஊர் என்பது அந்த வேதாகமக் கதையில் ஓர் ஆளின் பெயர். அவன் ஊர் ஜனம் என்று நினைத்திருக்கிறான். நான் திருத்தவில்லை.

அந்த டிசம்பரில் ஊர் என்றால் என்ன என்று நேரிலேயே பார்த்தேன். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. காற்றுக்குப் பயந்து விழித்திருந்தோம். காற்று எங்களை ஒன்றும் செய்யவில்லை. டிசம்பர் 2 சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்தார்கள், தென்பெண்ணை எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. கட்டில் கால் முழுகும் வரை நான் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன். ஜெபம் முடியுமுன் மீனவத் தம்பிகள் நாலு பேர் இடுப்பளவுத் தண்ணீரில் வந்தார்கள். கட்டிலோடு தூக்கிப் படகில் வைத்தார்கள். திமிர்வாதக்காரனை நாலு பேர் இயேசுவிடம் சுமந்து வந்த கதையைப் பிரசங்கத்தில் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! அந்த நாலு பேருக்கும் இப்படித்தான் தோளில் கன்றிப்போயிருக்கும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. முகாமில் ஒரு பாட்டி, "நாலு பேர் தூக்கியும் உயிரோட வந்திருக்கார், இனி ஆயுசு கெட்டி" என்று சொல்லி அவரைச் சிரிக்கவைத்தார். கோணல் சிரிப்புதான், ஆனாலும் சிரிப்பு.

பேச்சு வந்த விதம் தனிக் கதை. அவர் சரித்திர வாத்தியார், வாய் ஓயாதவர். ஒரு நாள் குடும்ப ஜெபத்தில் நான் "பரமண்டலங்களிலிருக்கிற" என்று தொடங்க, அவர் "எங்கள் பிதாவே" என்று பிடித்துக்கொண்டு கடைசிவரை சொல்லிவிட்டார். வெகுகாலம் சொல்லிப் பழகியதும் ராகத்தோடு பாடியதும் முதலில் திரும்பும் என்று பேச்சுப் பயிற்சி தரும் அம்மா விளக்கினார். வேண்டிய ஆகாரத்தை இன்று தாரும் என்று முழுசாகச் சொல்கிறவருக்கு "இட்லி" என்று கேட்க வரவில்லை. அதற்கு மூன்று மாதம் ஆயிற்று. அவருடைய பழைய மாணவர்கள் சனிக்கிழமை தோறும் வந்து, "சார், நம்ம கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் வாங்கினது எந்த வருஷம்?" என்று கேட்பார்கள். ஒரு சனிக்கிழமை "ஆயிரத்து அறுநூத்தித் தொண்ணூறு" என்று வந்தது. அடுத்த வாரம், "குண்டு". பீரங்கிக் குண்டு விழுகிற தூரம் வரையுள்ள கிராமங்கள் கம்பெனிக்கு என்ற அந்தக் கதையை வகுப்பில் அவர் சொல்லாத வருஷம் கிடையாது. பையன்கள் கைதட்டினார்கள். எதிர்வீட்டு அக்கா யார் குண்டு என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

விசுவாசம் இருந்தால் இந்நேரம் எழுந்து நடந்திருப்பார் என்று சொல்லிப் போனவரும் உண்டு. சார் இடது கையால் அவருக்கு வாசலைக் காட்டினார். அதற்கும் ஸ்தோத்திரம்.

ஐயருக்கும் ஐயரம்மாவுக்கும், பில் கேட்காமல் மருந்து கொடுத்த கடைக்காரத் தம்பிக்கும், பிசியோ தம்பிக்கும், காணிக்கைக் கவரில் பெயர் எழுதாமல் வைத்துவிட்டுப் போனவர்களுக்கும், ராத்திரி ஜெபித்தவர்களுக்கும் நன்றி. உங்களில் யாரையாவது விட்டிருந்தால் கோபப்படாமல் வந்து சண்டை போடுங்கள்.

ஒரு விஷயம் பாக்கி. எங்கள் வீட்டில் இரண்டு டிபன் கேரியர் தங்கிவிட்டது. ஒன்று மூன்றடுக்கு, பெயர் வெட்டவில்லை, அடியில் சிவப்பு நெயில் பாலிஷ் பொட்டு. இன்னொன்றின் மூடியில் "தே.ரா." என்று இருக்கிறது. யாருடையது என்று சொல்லுங்கள். வெறும் பாத்திரமாகத் திருப்பித் தருகிற பழக்கம் எனக்கில்லை. முந்தின நாளே சொல்லிவிட்டால் அதிரசம் சுட்டு வைப்பேன்.