டூட்டி மாறும் நேரமும் ஆராய்ச்சிக்குரியதே

ஆசிரியர் அவர்களுக்கு,

மருத்துவக் கல்லூரிகளின் பொது மருத்துவத் துறை பற்றி வரும் சாதனைச் செய்திகள் பெரும்பாலும் விருது, பதவி உயர்வு, அரிய நோயைக் கண்டறிந்தது என்பதோடு நின்றுவிடுகின்றன. வார்டில் அன்றாடம் நடக்கும் ஒரு வேலையைச் சீர்செய்து, பலனை அளந்தும் காட்டிய ஆராய்ச்சிக்கு நான்கு வரிகூடக் கிடைப்பதில்லை. அது வருத்தமாக இருக்கிறது.

'ஐ-பாஸ்' என்ற ஒப்படைப்பு முறையைச் சோதித்த ஆய்வையே எடுத்துக்கொள்வோம். டூட்டி முடிந்து போகும் டாக்டர் அடுத்தவரிடம் நோயாளிகளை ஒப்படைக்கும்போது தகவல் விடுபட்டுத் தவறுகள் நேர்கின்றன. அதைக் குறைக்க அமெரிக்காவிலும் கனடாவிலும் 9 மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளில் நடந்த இந்த ஆய்வு, 2014 நவம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியானது. 10,740 உள்நோயாளி அனுமதிகள் கணக்கில் எடுக்கப்பட்டன. 100 அனுமதிகளுக்கு 24.5 ஆக இருந்த மருத்துவப் பிழைகள் 18.8 ஆகக் குறைந்தன. தடுத்திருக்கக்கூடிய பாதிப்புகள் 4.7-இலிருந்து 3.3 ஆயின. ஒப்படைக்கும்போது ஒரு நோயாளியைப் பற்றிப் பேச ஆன நேரம், இந்த முறை வருவதற்கு முன்பு 2.4 நிமிடம், பின்பு 2.5 நிமிடம். 'அதற்கெல்லாம் நேரம் ஏது' என்பவர்களுக்கு இதுவே பதில்.

புது மருந்து எதுவும் இல்லை. ஐந்து விஷயங்களை ஒரே வரிசையில் சொல்ல வேண்டும், எழுத்திலும் தர வேண்டும்: நோயின் தீவிரம், நோயாளியின் சுருக்கம், செய்ய வேண்டிய வேலைகள், நிலைமை மாறினால் என்ன செய்வது, கடைசியாக, கேட்டவர் தான் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்வது. இரவு எட்டு மணிக்கு '14-ஆம் பெட் ஸ்டேபிள், பார்த்துக்கோங்க' என்றால் அது ஒப்படைப்பு ஆகாது. 'இதயச் செயலிழப்பு, கவனம் தேவைப்படும் நோயாளி. ஃப்ரூசமைடு (சிறுநீரைக் கூட்டும் மருந்து) ஊசி போட்டிருக்கிறது. பத்து மணிக்குப் பொட்டாசியம் ரிசல்ட் வரும், பார்க்கணும், 3.5-க்குக் கீழே இருந்தால் பொட்டாசியம் கொடுக்கணும். சிறுநீர் மணிக்கு 100 மி.லி.க்குக் குறைந்தால் டோஸைக் கூட்டுவது பற்றி உதவிப் பேராசிரியரைக் கூப்பிடுங்க' என்றால்தான் இரவு டாக்டருக்குக் கை ஓடும்.

நடைமுறையில் முதலில் கைவிடப்படுவது ஐந்தாவது படி. சீனியர் சொல்வதை ஜூனியர் தலையாட்டிக் கேட்டுக்கொள்வதே மரியாதை என்ற பழக்கம் நம் வார்டுகளில் ஊறிப்போயிருக்கிறது. திருப்பிச் சொல்ல வைப்பது சோதிப்பதுபோல் ஆகிவிடுமோ என்று சீனியரும் தயங்குகிறார். நேற்றைய ஒப்படைப்புத் தாளையே நகலெடுத்துத் தேதியை மட்டும் மாற்றுவது இன்னொரு கோளாறு. நிறுத்திய ஆன்டிபயாடிக் மறுநாள் பட்டியலில் உயிரோடு இருக்கும். பேசும்போது குறுக்கே வரும் போன், கையெழுத்துக்கு நிற்கும் உறவினர் இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

தாள் அச்சடித்துக் கொடுத்தால் மட்டும் போதாது. அந்த ஆய்வில் பயிற்சி டாக்டர்களுக்கு 2 மணி நேரப் பட்டறை, 1 மணி நேர நடித்துப் பார்க்கும் பயிற்சி, கணினிப் பாடம் எல்லாம் இருந்தன. ஒப்படைப்பை நேரில் நின்று பார்த்துத் திருத்த ஆசிரியர்களுக்கும் பயிற்சி தரப்பட்டது. எங்கள் பார்வையில் பாதி வேலை அந்த மேற்பார்வையில்தான் இருக்கிறது.

செய்தியாக எழுதும்போது குறைகளையும் எழுத வேண்டும். இது குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்த ஆய்வல்ல, முன்பும் பின்பும் ஒப்பிட்டது. 9 இடங்களில் 6-இல்தான் பிழைகள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தன. '23 சதவீதம் குறைந்தது' என்று மட்டும் போட்டால் பாதிச் செய்தி. எத்தனையிலிருந்து எத்தனைக்கு என்பதும் வர வேண்டும். துறைத் தலைவர்களைப் பேட்டி எடுக்கும் நிருபர்கள் 'எத்தனை கட்டுரை' என்பதோடு, 'வார்டில் எது மாறியது, எப்படி அளந்தீர்கள்' என்றும் கேட்கட்டும்.

நம் கல்லூரிகளில் இதை முதுநிலை மாணவர் ஒருவரின் ஆய்வேடாகவே எடுக்கலாம். ஒரு யூனிட் போதும். ஆனால் முதல் ஆறு மாதம் எதையும் மாற்றாமல் பிழைகளை எண்ண மட்டும் வேண்டும். எண்ணுபவர் ஒப்படைப்பில் பங்கேற்காதவராக இருக்க வேண்டும். பிழை செய்தவர் பெயர் எங்கும் பதிவாகக் கூடாது. பெயர் பதிவானால் அடுத்த வாரமே பிழைகள் காகிதத்தில் மறைந்துவிடும், வார்டில் அப்படியே இருக்கும்.

இப்படிக்கு,
பொது மருத்துவத் துறை ஆசிரியர்கள் சிலர்