வாசலில் எத்தனை படி?

அன்புள்ள முருகேசா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

போன ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு ஏஞ்சல் தீவுக்குப் போயிருந்தேன். சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் இருக்கிறது, படகில்தான் போக வேண்டும். வந்ததிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது.

சீனத் தொழிலாளிகள் அமெரிக்காவுக்குள் வரக் கூடாது என்று 1882இல் சட்டம் போட்டார்கள். வியாபாரிகள், அமெரிக்கக் குடிமக்களின் பிள்ளைகள் என்று சிலருக்குத்தான் வழி. 1906 நிலநடுக்கத்தில் பற்றிய தீயில் சான்பிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவேடுகள் எரிந்துபோக, நிறையச் சீனர்கள் தாங்கள் இங்கேயே பிறந்ததாகச் சொல்லிக் குடியுரிமை பெற்றார்கள். அப்புறம் அவர்களுடைய மகன்கள் என்று ஊரார் பிள்ளைகளும் காகிதத்தோடு கப்பலேறினார்கள். பொய்தான். ஆனால் இருந்த கதவையெல்லாம் சாத்திவிட்டு, ஏன் சுவரேறி வந்தாய் என்று கேட்பது என்ன நியாயம்?

1910 முதல் 1940 வரை அந்தத் தீவில் அடைத்துவைத்துத்தான் விசாரணை. கேள்விகளைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. உன் வீட்டு வாசலில் எத்தனை படி? அரிசிப் பானை எங்கே இருக்கும்? இரண்டாவது வரிசையில் மூன்றாவது வீடு யாருடையது? அப்பாவிடம் தனியாக, பையனிடம் தனியாகக் கேட்பார்கள். பதில் ஒத்துவராவிட்டால் திருப்பி அனுப்பிவிடலாம். பெற்ற பிள்ளையே தடுமாறுவானே! கப்பலிலேயே பாடம் மாதிரி மனப்பாடம் செய்து, கரை தெரிந்ததும் அந்தத் தாள்களைக் கடலில் போட்டுவிடுவார்களாம்.

சிலர் மாதக்கணக்கில் கிடந்திருக்கிறார்கள். மரச்சுவர் முழுக்கச் சீனத்தில் கவிதை செதுக்கியிருக்கிறார்கள். மேலே பெயின்ட் அடித்து மறைத்தும் எழுத்தின் பள்ளம் போகவில்லை; முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் தெரிகிறது. கட்டடத்தை இடிக்க இருந்த நேரத்தில், 1970இல், அலெக்சாண்டர் வைஸ் என்ற பூங்காக் காவலர் கண்ணில் பட்டதால் அவை பிழைத்தன. மகள் ஒரு வரியின் முன்னால் வெகுநேரம் நின்றாள். நான் கூப்பிடவில்லை.

1917 சட்டம் இந்தியர்களுக்கும் கதவைச் சாத்தியது. வைஷ்ணோ தாஸ் பகாய் அதற்கு முன்பே, 1915இல், மனைவி மக்களோடு வந்து சான்பிரான்சிஸ்கோவில் கடை வைத்தவர். இந்தியர் குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று 1923இல் உச்ச நீதிமன்றம் சொன்னபின் அவருடையதையும் பறித்துக்கொண்டார்கள். 1928இல் உயிரை மாய்த்துக்கொண்டார். சீனர்களுக்கான தடையை 1943இல் நீக்கியபோதும் வருஷத்துக்கு 105 பேர்தான். மூன்று வருஷம் கழித்து நமக்கு 100.

திரும்பும்போது படகில் உன் வீட்டு வாசல் ஞாபகம் வந்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு அந்தப் படியில் உட்கார்ந்துதானே படித்தோம்? மூன்று படி என்று தோன்றுகிறது. ரோடு போட்டுப் போட்டு கீழே ஒன்று புதைந்துபோனதோ என்றும் தோன்றுகிறது. எண்ணிப் பார்த்து எழுது. அம்மாவிடமும் தனியாகக் கேள்.

அன்புடன்,
சேகர்