ரூபிளும் தாலரும்: ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான ரஷ்ய நாணய வரலாற்றுக் கட்டுரை, நூறு கோப்பெக் ஒரு ரூபிள் என்ற கணக்கை 1704-இல் ரஷ்ய மன்னர் மகா பீட்டர் உருவாக்கியதாகக் கூறுகிறது. அந்தக் கணக்கு அவருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் முந்தியது. சிறுவனாக இருந்த நான்காம் இவானின் பெயரால் ஆட்சியை நடத்திய அவருடைய தாய் எலேனா கிளின்ஸ்கயா 1535-இல் தொடங்கிய சீர்திருத்தத்தில்தான் 0.68 கிராம் எடையுள்ள வெள்ளிக் கோப்பெக் வந்தது. நூறு கோப்பெக்கை ஒரு ரூபிள் என்று ஏட்டில் எழுதினார்களே தவிர, ரூபிளுக்கென்று தனி நாணயம் கிடையாது.

வெள்ளியைக் கம்பியாக இழுத்து, துண்டுகளாக நறுக்கி, தட்டையாக்கி, இரண்டு அச்சுகளுக்கு இடையே வைத்துச் சம்மட்டியால் அடிப்பார்கள். துண்டைவிட அச்சு பெரியது என்பதால், ஈட்டி ஏந்திய குதிரைவீரனின் ஒரு பகுதியும் மன்னர் பெயரில் சில எழுத்துகளும் மட்டுமே பல காசுகளில் விழுந்திருக்கும். மீன் செதில் போன்ற இக்காசுகளைக் கொண்டு பெருந்தொகை கொடுப்பவரின் பாட்டை எண்ணிப் பாருங்கள்! உள்நாட்டில் சுரங்க வெள்ளி இல்லாததால், ஆர்க்கேஞ்சல் துறைமுகம் வழியாக வந்த தாலர் என்னும் மேலைநாட்டுப் பெரிய வெள்ளி நாணயங்களை உருக்கியே இவற்றைச் செய்தார்கள் என்பதையும் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும். பின்னால் வந்த சிக்கலுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

1654-இல் போலந்துடன் போர் மூண்டபோது, பீட்டரின் தந்தை அலெக்சேய், ஏறத்தாழ 28 கிராம் எடையுள்ள தாலர் மீது புதிய அச்சை அடித்து அதையே ரூபிள் என்று வெளியிட்டார். அதற்குள் எடை குறைந்திருந்த கோப்பெக்கின் கணக்கில்கூட அந்தத் தாலர் 64 கோப்பெக்குதான் பெறும். ஜனங்கள் ஏமாறவில்லை. மறு ஆண்டே அரசு தாலர்களில் முத்திரை குத்தி, 64 கோப்பெக் என்றே புழக்கத்தில் விட்டது. கூடவே வெள்ளிக்குச் சமம் என்று செப்புக் கோப்பெக்குகளையும் அடித்து, சம்பளத்தைச் செம்பில் கொடுத்து, வரியை மட்டும் வெள்ளியில் கேட்டது. 1662-இல் மாஸ்கோவில் கலகம் வெடித்ததற்கு இதுவே காரணம். செம்பு மட்டமான உலோகம் என்று கட்டுரையாளர் கூறும் காரணம் பொருந்தாது. செப்புக் காசைப் பீட்டரும்தான் அடித்தார், அது நிலைத்தது.

பீட்டர் செய்த காரியம் வேறு. 1698-இல் அவர் வெள்ளிக் கோப்பெக்கின் எடையை 0.28 கிராமாகக் குறைத்தார். அதை நூறால் பெருக்கினால் சரியாக ஒரு தாலர் எடை வருகிறது. தந்தை தாலரின் மதிப்பை ரூபிளுக்கு உயர்த்தப் பார்த்துத் தோற்றார். மகன் கோப்பெக்கை இறக்கி அதைச் சாதித்தார். 1704-இல் வெளிவந்த வெள்ளி ரூபிளைப் பாராட்டும்போது, அதற்கு முன்பே நடந்த இந்த மதிப்புக் குறைப்பையும் சேர்த்துச் சொல்வதே நியாயம் என்று கருதுகிறேன்.

பழைய கம்பிக் காசுகள் 1704-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டன என்று கட்டுரை கூறுவதும் தவறு. 1718 வரை அவற்றை அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். இத்திருத்தங்களை வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி