16-ஆம் எண் ஜெர்சிக்குப் பின்னால் நின்றவர்களுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம்.

2024 ஆகஸ்ட் 14 அன்று டெல்லியில் நம் நாட்டு ஹாக்கி சங்கமான ஹாக்கி இந்தியா விழா எடுத்து, சீனியர் அணியில் இனி யாருக்கும் 16-ஆம் எண் ஜெர்சி கிடையாது, அது ஓய்வு பெற்ற கோல்கீப்பர் பி.ஆர். ஸ்ரீஜேஷுக்கே என்று அறிவித்தார்களே, அன்றைக்கே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. ஸ்ரீஜேஷுக்கு நன்றி சொல்ல நாடே இருக்கிறது. நான் சொல்ல வந்தது, அவரை கோல் போஸ்டில் கொண்டுபோய் நிறுத்தி, 336 சர்வதேசப் போட்டிகள் ஆட வைத்தவர்களுக்கு.

முதல் நன்றி கேரளத்தின் கிழக்கம்பலத்து விவசாயியான அவர் அப்பாவுக்கு. கோல்கீப்பர் ஆவதென்றால் ஒரு மட்டையும் ஷூவும் வாங்கினால் முடிகிற சங்கதி இல்லை. கால் பேட், கிக்கர், இரண்டு கைக்கும் வேறுவேறு கிளவுஸ், மார்புக்கு ஒன்று, தலைக்கு ஹெல்மெட் என்று செலவு நீண்டுகொண்டே போகும். நானும் பள்ளி டீமில் கோல்கீப்பராக நின்றவன்தான். எங்களுக்கு இருந்தது ஒரே செட்டு, பஞ்சு பிதுங்கி, வார் அறுந்த இடத்தில் சணல் கட்டி, முந்தினவன் வியர்வை காய்வதற்குள் அடுத்தவன் மாட்டிக்கொள்வோம். அதனால்தான், மகன் பேட் கேட்டான் என்று வீட்டுப் பசுவை விற்ற அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது.

அப்புறம் திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளி. தடகளம், வாலிபால் என்று சுற்றிக்கொண்டிருந்த பையனை ஹாக்கிக்கு இழுத்து, கோல் போஸ்டுக்குப் போ என்று சொன்ன அந்தப் பயிற்சியாளர்களுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. அவர்கள் கண்ணில் பட்டிருக்காவிட்டால் 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டியில், ஆட்டம் சமநிலையில் முடிந்து கோல்கீப்பரோடு ஒருவருக்கு ஒருவராக மோதும் ஷூட்அவுட்டில் பாகிஸ்தானைத் தடுக்க யார் இருந்திருப்பார்கள்? 2017-இல் முழங்காலில் அடிபட்டு மாதக்கணக்கில் ஆட முடியாமல் இருந்தவரை மறுபடி எழுப்பி நடக்க வைத்து, குனிய வைத்து, பாய வைத்த மருத்துவர்களையும் பிசியோக்களையும் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. அவர்களுக்கும் என் வணக்கம்.

இப்போது நான் ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்தது. கிருஷன் பகதூர் பாட்டக், உங்களுக்கு நன்றி. டோக்கியோவிலும் பாரீஸிலும் மாற்று கோல்கீப்பராகப் போய், ஒலிம்பிக்கில் ஆட வாய்ப்பில்லாமல் காத்திருந்தவர் நீங்கள். பயிற்சியில், பெனால்டி கார்னரில் பந்தை மட்டையால் இழுத்து வேகமாக வீசும் அதே டிராக் ஃபிளிக்குகளை நீங்களும் உடம்பில் வாங்கினீர்கள். பின்னாலேயே ஒருவர் தயாராக நின்றதால்தான் முன்னால் நின்றவர் 36 வயதிலும் தளரவில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அமித் ரோகிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிய பிறகு, பாரீஸில் பிரிட்டனுக்கு எதிரான அந்தக் காலிறுதியில் 40 நிமிடத்துக்கு மேல் பத்துப் பேராக ஓடி ஓடித் தடுத்த தம்பிகளுக்கும் நன்றி. நீங்கள் 1-1 என்று காப்பாற்றிக் கொடுத்தீர்கள், ஷூட்அவுட்டை 4-2 என்று அண்ணன் பார்த்துக்கொண்டார். ஸ்பெயினை ஜெயித்து வெண்கலம் வாங்கியதும் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தீர்களே கேப்டன் ஹர்மன்பிரீத், அதைப் பார்த்து என் வீட்டில் எல்லாரும் எழுந்து நின்றோம்.

ஹாக்கி இந்தியாவுக்கும் மனமார்ந்த நன்றி. கோல் போடுகிறவர்களைக் கொண்டாடுவது சுலபம். கோல்கீப்பரோ விட்ட ஒரு கோலுக்குத்தான் வருஷக்கணக்கில் பேச்சு வாங்குவார். அப்படிப்பட்ட இடத்தில் நின்றவரின் எண்ணை எடுத்து வைத்தது சரியான முடிவு. அதைவிட எனக்குப் பிடித்தது, ஜூனியர் அணியில் அந்த எண்ணை விட்டு வைத்ததும், அந்தப் பையன்களைப் பயிற்சியாளராக அவர் கையிலேயே ஒப்படைத்ததும். பலன் நம்ம ஊரிலேயே தெரிந்தது. 2025 டிசம்பரில் சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கத்தில், அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கி, கடைசிக் கால்மணி நேரத்துக்குள் நான்கு கோல் போட்டு ஜூனியர் உலகக் கோப்பை வெண்கலத்தை வாங்கினார்கள் அவர் வளர்த்த பிள்ளைகள்.

அன்று அரங்கத்துக்கு வந்து தொண்டை கிழியக் கத்திய சென்னைக்காரர்களுக்கும், மதுரை ஆட்டங்களுக்குக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போன பெற்றோர்களுக்கும் என் அன்பும் நன்றியும்.