அந்த 48 மணி நேரம் போனை எடுக்க ஒருவரை வையுங்கள்

தத்தெடுப்புப் பணியைப் பார்க்கும் மாநில, மாவட்ட அதிகாரிகளுக்கும், சிறப்புத் தத்தெடுப்பு நிறுவனங்களை நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம்.

தத்துக்குப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. கணவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன்.

காத்திருப்பதைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. ஏன் இத்தனை நாள் ஆகிறது என்பது எங்களுக்கும் புரிகிறது. 2022-ல் நாடாளுமன்றக் குழு கொடுத்த அறிக்கையிலேயே கணக்கு இருக்கிறது. 2021 டிசம்பரில் பதிந்து காத்திருந்தவர்கள் 27,939. சட்டப்படி தத்துக்கு விடுவிக்கப்பட்டிருந்த குழந்தைகள் 2,430. பெற்றவள் குழந்தையை ஒப்படைத்தால், மனம் மாறித் திரும்பி வர அவளுக்கு 60 நாள் உண்டு. எங்கோ விட்டுச் சென்ற குழந்தை என்றால் பெற்றவர்களைத் தேடிப் பார்த்த பிறகுதான் குழந்தைகள் நலக் குழு விடுவிக்கும். எங்களுக்காக அந்த நாட்களில் ஒன்றைக்கூடக் குறைக்க வேண்டாம். அவை அந்தத் தாய்க்கும் குழந்தைக்கும் சேர வேண்டிய நாட்கள்.

நான் கேட்பது இதுதான். பதிந்த நாளிலிருந்து கலெக்டர் உத்தரவு வரை என்னென்ன நடக்கும் என்று தமிழில் எழுதிக் கையில் கொடுங்கள். குழந்தையின் விவரம் எங்களுக்கு வரும்போது, பதில் சொல்ல நீங்கள் தரும் 48 மணி நேரமும் போனை எடுக்க ஒருவரை வையுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு அழைப்பு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். செல்போனில் திறந்தால் ஒரு பெண் குழந்தையின் போட்டோ. நாலு மாதம். மொட்டைத் தலை, மஞ்சள் கவுன். கழுத்து நிற்கவில்லை போல, பின்னாலிருந்து யாரோ ஓர் ஆயாவின் கை தாங்கிப் பிடித்திருந்தது. அந்தக் கையில் இரண்டு கண்ணாடி வளையல். என் கணவர் என் கையிலிருந்து போனை வாங்கிப் பார்த்தவர், வெகு நேரம் திருப்பித் தரவில்லை.

அப்புறம் மருத்துவ அறிக்கையைத் திறந்தோம். முழுக்க ஆங்கிலம். எடை, தலைச் சுற்றளவு வரைக்கும் எங்களுக்குப் புரிந்தது. அதன் கீழே ரத்தப் பரிசோதனை முடிவுகள், எல்லாம் சுருக்கெழுத்து. எக்கோ எடுத்த இடத்தில் 'பி.எஃப்.ஓ.' என்று போட்டிருந்தது. நான் தமிழ் மீடியத்தில் ப்ளஸ் டூ. அவர் ஐ.டி.ஐ. காலேஜ் படிக்கும் அண்ணன் மகளை வரச் சொன்னோம். அவள் போனில் தேடிப் பார்த்துவிட்டு, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, "அத்தை, இதயத்துல ஓட்டைன்னு போட்டிருக்கு" என்றாள்.

ஆபரேஷன் செய்ய வேண்டுமா? உயிருக்கு ஆபத்தா? எங்கள் வருமானத்தில் முடியுமா? இதைக் கேட்க எங்களுக்கு இருந்தது அந்தத் தத்து நிறுவனத்தின் போன் நம்பர் ஒன்றுதான். வெள்ளி இரவு மணி அடித்துக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை காலையில் வாட்ச்மேன் எடுத்தார். "மேடம் லீவும்மா, திங்கக்கிழமை கூப்பிடுங்க" என்றார். அவர் மேல் தப்பில்லை, அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். எங்கள் ஊர்க் குழந்தை டாக்டரும் அந்த சனி, ஞாயிறு ஊரில் இல்லை. ஞாயிறு சாயங்காலம் 48 மணி நேரம் முடிந்தது. அந்தப் போட்டோவும் போய்விட்டது.

திங்கட்கிழமை டாக்டர் அறிக்கையைப் பார்த்தார். கருவில் இருக்கும் எல்லாக் குழந்தைக்கும் இதயத்தின் மேலறைகளுக்கு நடுவில் அந்தத் திறப்பு இருக்கும், பிறந்த பிறகு பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும், இந்தக் குழந்தைக்கு இதனால் பயப்பட ஒன்றுமில்லை என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, சொல்லி முடிக்க.

அன்று மதியம் நிறுவனத்தின் சமூகப் பணியாளர் லைனில் கிடைத்தார். அவர் சொன்னதுதான் எங்களுக்கு ஆறவே இல்லை. 48 மணி நேரத்துக்குள் அழுத்தச் சொல்லும் அந்தப் பொத்தான் குழந்தையை எங்கள் பெயரில் ஒதுக்கி வைக்க மட்டும்தானாம். நேரில் போய்ப் பார்க்க, எங்களுக்கு நம்பிக்கையான டாக்டரிடம் அறிக்கையைக் காட்ட, யோசித்து முடிவு சொல்ல, அதற்குப் பிறகு 30 நாள் இருக்கிறதாம். விதியிலேயே அப்படித்தான் இருக்கிறது என்றார்.

அதை ஏன் அம்மா முன்னாடியே எங்களுக்குச் சொல்லவில்லை?

வீட்டு ஆய்வுக்கு ஆள் வந்தார்களே, அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். சமையலறை, கழிப்பறை, பேங்க் பாஸ்புக், வருமானச் சான்று என்று எல்லாம் பார்த்தார்கள். நாங்கள் சண்டை போடுவோமா என்று மாமியாரிடம் தனியாகக் கேட்டார்கள். கேட்கட்டும். ஒரு குழந்தையை நம்பிக் கொடுப்பவர்கள் கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஆய்வோடு சேர்த்து எங்களுக்கு ஆலோசனை தருவதும் அவர்கள் வேலைதானே? 6,000 ரூபாய் கட்டணத்தையும் கட்டியிருக்கிறோம். எங்களைப் பற்றி அத்தனையும் எழுதிக்கொண்டு போனவர்கள், எங்களுக்கென்று ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போகவில்லை.

அந்தக் குழந்தை வரிசையில் அடுத்து இருந்தவர்களிடம் போயிருப்பாள். நன்றாக இருக்கட்டும், அதில் எங்களுக்குக் கசப்பு இல்லை. ஆனால் கோபம் இருக்கிறது. மரியாதையோடு எழுத வேண்டும் என்று உட்கார்ந்ததால் அடக்கி எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரிச் சுவர்களில் 'சட்டவிரோதத் தத்து குற்றம்' என்று எழுதி வைக்கிறீர்கள். சரிதான். குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் ஐந்தாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம். ஆனால் ராசிபுரத்தில் 2019-ல் வெளியே வந்ததே ஒரு குழந்தை விற்பனை விவகாரம், அங்கே பணம் கொடுத்து வாங்கியவர்கள் எல்லாரும் கெட்டவர்களாகத்தான் இருப்பார்களா? எங்களிடமும் தெரிந்தவர் மூலமாக ஓர் ஆள் பேசினார். எவ்வளவு ஆகும், எந்தத் தேதியில் குழந்தை வரும், பிறப்புச் சான்றிதழில் எங்கள் பெயரையே எப்படிப் போடுவார்கள் என்று ஒவ்வொன்றாகத் தமிழில் விளக்கினார். ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பேன் என்றார். நாங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். யாரோ ஒருத்தியின் வறுமையில் எங்கள் வீட்டுத் தொட்டில் ஆட வேண்டாம். ஆனால் குற்றம் செய்கிறவர் போனை எடுக்கிறார், சட்டத்தின் பக்கம் இருப்பவர்கள் எடுக்கவில்லை என்றால், பொறுமை இழந்த ஒரு குடும்பம் எந்தப் பக்கம் போகும்?

1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிய மாநிலம் இது. படிப்பு இல்லாத, ஊருக்குப் பயந்த ஒரு தாய்க்கும் புரிகிற மாதிரி, குழந்தையைக் கொல்லாதே, இங்கே கொண்டுவந்து விடு என்று சொல்லத் தெரிந்த மாநிலம். கொடுக்கிறவளுக்குப் புரியும்படி பேசியவர்களால் வாங்கிக்கொள்ள வருகிறவர்களுக்கும் புரியும்படி பேச முடியும்.

2024-25-ல் நாடு முழுவதும் 4,515 தத்து நடந்திருக்கிறது, 12 ஆண்டுகளில் இதுதான் அதிகம் என்று மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான காரா சொல்கிறது. மனசுக்கு நிறைவாக இருக்கிறது. 2022 செப்டம்பரிலிருந்து கோர்ட்டுக்கு அலையாமல் மாவட்ட ஆட்சியரே உத்தரவு தருவதும் நல்ல மாற்றம். இவ்வளவு செய்கிறவர்களால் நான் கேட்பதைச் செய்ய முடியாதா?

வீட்டு ஆய்வுக்கு வருகிறவர் கையில் தமிழில் இரண்டு பக்கத் தாள் இருக்கட்டும். குழந்தை விவரம் வந்தால் என்ன செய்ய வேண்டும், ஒதுக்கி வைத்த பிறகு எத்தனை நாள் உண்டு, எந்தக் கட்டணம் எப்போது, குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு வருடம் யார் வந்து பார்ப்பார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். படித்துக் காட்டிவிட்டு எங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவ அறிக்கையோடு, குழந்தைக்கு என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தமிழில் நாலு வரி சேர்த்து அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுப்பினால் சனி, ஞாயிறு பேசுவதற்கு ஒரு நர்ஸையோ சமூகப் பணியாளரையோ முறை போட்டு வையுங்கள். எல்லா நிறுவனத்துக்கும் முடியாது என்றால் மாநிலத்துக்கு ஒருவராவது போதும்.

எங்கள் பெயர் இன்னும் வரிசையில் இருக்கிறது. அடுத்த அழைப்பு எந்தக் கிழமையில் வரும் என்று தெரியாது. அதற்குள் இதைச் செய்து தரும்படி உங்களை மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தத்துக்குப் பதிந்து காத்திருக்கும் ஒரு பெண்