குருத்து கையோடு வந்துவிட்டால்

அன்புள்ள கண்ணா,

நேற்று நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் பனையின் நடுக்குருத்து உன் கையில் இருக்கிறது. அதன் அடி பழுப்பாகி, தண்ணீரில் ஊறின கயிறு மாதிரி நைந்திருக்கிறது. "செத்துப்போச்சும்மா, ஞாயிற்றுக்கிழமை தோண்டி எடுத்துடறேன்" என்று எழுதியிருக்கிறாய். தோண்டாதேப்பா. மண்வெட்டியை உள்ளே வைத்துவிட்டு முதலில் இதைப் படி.

எனக்கும் இப்படி நடந்தது. நீ அப்போது சின்னப் பையன், நினைவிருக்காது. நான் வைத்த முதல் பனை அது. பனி உருகின வாரத்தில் குருத்தைப் பிடித்து லேசாக இழுத்தேன், உருவிக்கொண்டு வந்துவிட்டது. புளித்த வாடை வேறு. போய்விட்டது என்று அன்றைக்கே வேரோடு பிடுங்கினேன். அப்புறம் ஏனோ தண்டை நெடுக்காகப் பிளந்து பார்த்தேன். அழுகல் மேலே நான்கு விரல் அளவோடு நின்றிருந்தது. அதற்குக் கீழே, வெள்ளை வெளேரென்று, மடிப்பு மடிப்பாக, சுண்டுவிரல் நுனி அளவுக்கு அடுத்த குருத்து இருந்தது. அதில் ஒரு கறைகூட இல்லை. குளிர் அதைக் கொல்லவில்லை, நான்தான் கொன்றேன். அந்த வெள்ளை இன்றைக்கும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், இப்போது நீ செய்ய வேண்டியது இதுதான். குருத்து வந்த குழிக்குள் கூழாக இருப்பதை ஒரு நீளக் கரண்டியால் மெதுவாக வழித்து எடு. காயம் கழுவ வைத்திருப்போமே, அந்த 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, அதைக் குழிக்குள் ஊற்று. புஸ்ஸென்று நுரைக்கும். அதைப் பார்த்துப் பயப்படாதே. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஊற்று. நுரை அடங்கி வரும். அதன் பிறகு குழிக்குள் ஒரு சொட்டு மழை இறங்கக் கூடாது. மேலே மட்டும் கூரை மாதிரி எதையாவது சாய்த்து வை. பக்கங்களில் காற்று தாராளமாக ஓடட்டும். பச்சையாக இருக்கிற ஓலை ஒன்றையும் வெட்டாதே, பாதி கருகியிருந்தாலும் மரத்துக்கு இப்போது அதுதான் சோறு போடுகிறது. உரமும் வேண்டாம்.

பிழைத்துவிடும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் கோடை முடிகிற வரைக்கும் அதைச் செத்ததாக எண்ணாதே.

குருத்து குருத்து என்று நான் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறேன் தெரியுமா? நம் பழைய இலக்கணக்காரர்கள் உள்ளே வைரம் பாய்ந்ததை மரம் என்றும், வெளியே வைரம் பாய்ந்ததைப் புல் என்றும் பிரித்தார்கள். அந்தக் கணக்கில் பனை ஒரு புல். எத்தனை கூர்மையாகப் பார்த்திருக்கிறார்கள் என்று எனக்கு எப்போதும் வியப்புதான். ஆப்பிள் மரத்தில் கிளை முறிந்தால் பக்கத்தில் இன்னொன்று துளிர்க்கும், பட்டையில் காயம் பட்டால் நாளடைவில் மூடிக்கொள்ளும். பனைத்தண்டில் காயம் மூடாது. ஒற்றைத் தண்டுப் பனைக்கு வளர்கிற இடம் ஒன்றே ஒன்றுதான், உச்சிக்குள் இருக்கிற அந்த மொட்டு. ஓலை மொத்தமும் கருகினாலும் அது பிழைத்தால் மரம் பிழைக்கும். அது போனால் மரம் போயிற்று.

நீ வைத்திருக்கிற டிராக்கிகார்பஸ், அந்தக் குளிர் தாங்கும் பனை, ஒன்றும் நோஞ்சான் இல்லை. செடிகளைத் தேடிச் சேகரித்த ராபர்ட் ஃபார்ச்சூன் 1849இல் சீனாவிலிருந்து லண்டன் க்யூ தாவரவியல் தோட்டத்துக்கு அனுப்பிய இனம் அது, அதனால்தான் ஃபார்ச்சூனி என்று பெயர். நன்றாக வேர்பிடித்த மரம் மைனஸ் 15 டிகிரிவரை தாங்கும். உன் ஊரில் இந்த வருஷம் மைனஸ் 11தானே? அப்படியானால் குளிர் மட்டும் காரணம் இல்லை.

இலையுதிர் காலத்தில் நட்டாய். வேர் ஓடுவதற்குள் மண் இறுகிவிட்டது. உறைந்த மண்ணிலிருந்து வேர் தண்ணீர் உறிஞ்ச முடியாது, ஓலையோ காற்றில் காய்ந்துகொண்டே இருக்கும். அதுகூடப் பரவாயில்லை. குளிர்காலம் முழுக்க பாலித்தீன் தாளால் சுற்றி வைத்திருந்தேன் என்றாயே, அங்கேதான் தப்பு. பகலில் வெயில் பட்டால் உள்ளே வெந்து வேர்க்கும். அந்த வேர்வை ஓலை மட்டை வழியாக இறங்கிக் குருத்தின் கழுத்தில் தேங்கும். ராத்திரி உறையும், திசுவைக் கிழிக்கும். உருகும்போது கிருமியும் பூஞ்சணமும் உள்ளே நுழையும். காய்ந்த குளிரைப் பனை தாங்கிக்கொள்ளும். ஈரக் குளிர்தான் அதற்கு எமன்.

அடுத்த குளிருக்கு நான் செய்வதையே செய். இலையுதிர் காலத்தில் அடியைச் சுற்றி ஒரு முழம் உயரத்துக்குக் காய்ந்த சருகு போடு. மைனஸ் 8க்குக் கீழே போகும் என்று வானிலை சொன்னால் ஓலைகளைச் சேர்த்துக் குருத்தை மூடினாற்போல் கட்டி, காற்று புகுந்து வரும் வெள்ளைத் துணியால் சுற்று. குளிர் தணிந்த அன்றே அவிழ்த்துவிடு. சோம்பல்பட்டு விட்டுவைக்காதே. ரொம்பக் கடுமையான ராத்திரிகளுக்குத் துணிக்கு உள்ளே பழைய குண்டு பல்புச் சரம் ஒன்று சுற்று, துணியில் பல்பு உரசாமல் பார்த்துக்கொள். எல்.இ.டி. சரம் வாங்கிவிடாதே, அதில் வெளிச்சம்தான் வரும், சூடு வராது.

வாழையைப் பற்றியும் கேட்டிருந்தாய். ஜப்பான் வாழை, மூசா பஸ்ஜூ, அதைப் பற்றிக் கவலையே வேண்டாம். முதல் உறைபனியில் இலையெல்லாம் கறுத்துத் தொங்கும், பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் அதன் உயிர் கிழங்கில். தண்டை இடுப்பளவுக்கு வெட்டி, சுற்றிலும் கம்பிவலை நட்டு, உள்ளே சருகைத் திணித்து, மேலே மழை படாமல் மூடு. தண்டு அழுகினாலும் வசந்தத்தில் கன்று மேலே வரும். பனைக்கு அப்படி இரண்டாவது வாய்ப்பு இல்லை என்பதால்தான் இந்தப் பாடு.

இத்தாலியில் படுவா தாவரவியல் தோட்டத்தில் 1585இல் நட்ட குட்டைப் பனை ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைச் சுற்றிக் கண்ணாடி வீடே கட்டியிருக்கிறார்கள். நாம் அந்தக் குருத்தை மட்டும் காத்தால் போதும், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. குழியை எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்காதே, விரலும் விடாதே. ஏதாவது முனை வெளியே தெரிந்தால், அழியாத மை பேனாவால் அந்த முனையிலும் பக்கத்து மட்டையிலும் நேருக்கு நேர் ஒரு கோடு போடு. ஒரு வாரம் கழித்துப் பார். முனையில் போட்ட கோடு ஒரு நூல் மேலே ஏறியிருந்தாலும் உள்ளே மொட்டு உயிரோடு இருக்கிறது. முதலில் வருகிற ஓலை நுனி வெட்டுப்பட்டு, கோணல்மாணலாகத்தான் இருக்கும். பதறாதே, அதற்கு அடுத்ததும் அதற்கு அடுத்ததும் சரியாக வரும்.

கோடு போட்ட அன்றைக்கே எனக்கு ஒரு படம் அனுப்பு. வெளிச்சம் இருக்கும்போது, கிட்டத்திலிருந்து எடு.

அன்புடன்,
அம்மா