நிலவை வெயில் என்று எழுதியவனின் நன்றி மடல்

இணையத்தில் கண்ட ஓவியங்களைப் பற்றி எழுத எனக்குத் துணைநின்ற அனைவருக்கும் வணக்கம்.

ஓவியத்தைத் தொழிலாகக் கொள்ளாமல், வேலைக்கும் படிப்புக்கும் வீட்டுப் பொறுப்புகளுக்கும் நடுவே கிடைக்கும் நேரத்தில் வரைந்து பகிர்பவர்களின் படைப்புகளைத் தேடிப் பார்த்து, அவற்றுள் மனத்தில் நின்றவற்றுக்கு மதிப்புரை எழுதத் தொடங்கி எனக்கு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. தாளில் வரைந்தவை, டேப்லெட்டில் வரைந்தவை என்று நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைப் பற்றி எழுதியிருப்பேன். எழுதியவன் நான் என்பதால் பாராட்டு என்னிடம் வந்து சேர்கிறது. உண்மையில் அந்த மதிப்புரைகளில் உருப்படியாக இருப்பவற்றுள் பெரும்பகுதி பிறர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. பிழைகள் மட்டும் முழுக்க என் சொந்தச் சரக்கு. இது அவையடக்கத்துக்காகச் சொல்வது அன்று என்பதைக் கீழே படிப்பவர்கள் தெரிந்துகொள்வார்கள். உதவியவர்களில் பலர் புனைபெயரில் வரைபவர்கள், சிலர் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்கள் என்பதால் ஒருவர் பெயரையும் இங்கே எழுதவில்லை. இன்னாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி, மழை பெய்து ஓய்ந்த தெரு ஒன்றை நீர்வண்ணத்தில் தீட்டியிருந்த அம்மையாருக்கு. அந்தப் படத்தின் வானத்தில், கூரைகளுக்குச் சற்று மேலே, ஓரம் பிசிறுபிசிறாக விரிந்த வெளிறிய திட்டு ஒன்று இருந்தது. ஈரம் சீராகக் காயாததால் விழுந்த கறை என்று நானாகவே முடிவு செய்து, ‘வானத்தில் மட்டும் ஒரு சிறு கவனக்குறைவு’ என்று எழுதிவைத்தேன். மூன்றாம் நாள் அவரிடமிருந்து ஒரு காணொளி வந்தது. அதில் கோபமும் இல்லை, விளக்கவுரையும் இல்லை. அவருடைய கைகள் மட்டுமே இருந்தன. தாளில் சாம்பல் கலந்த நீலத்தைப் பரப்புகிறார், காத்திருக்கிறார், தாளைக் கண்மட்டத்துக்குத் தூக்கிச் சாய்த்துப் பார்க்கிறார். ஈரத்தின் பளபளப்பு மங்கத் தொடங்கும் அந்தச் சில நொடிகளுக்குள், தூரிகை நுனியிலிருந்து வெறும் தண்ணீர் ஒரு சொட்டு விடுகிறார். அந்தச் சொட்டு, சுற்றியிருக்கும் நிறமித் துகள்களைத் தள்ளிக்கொண்டு வெளிப்புறமாகப் பரவுகிறது. தள்ளப்பட்ட துகள்கள் விளிம்பில் சேர்ந்து கருத்த கோடாகக் காய்கின்றன. நடுவே, மேகம் விலகி வெளிச்சம் கசிவது போன்ற இடம் தங்கிவிடுகிறது. சற்று முந்தினால் சொட்டு நீர் ஈரத்தோடு கலந்து சுவடின்றிப் போய்விடும். பிந்தினால் வண்ணம் தாளில் பிடித்துவிடும், துகள்கள் நகரா. நான் கவனக்குறைவு என்று எழுதியது, அந்தப் படத்திலேயே மிகுந்த கவனம் செலவான இடம்.

அத்தோடு அவர் என்னை விட்டுவிடவில்லை. அல்ட்ராமரைன் நீலத்தின் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு தாளின் சிறு பள்ளங்களில் போய்ப் படிவதால்தான் வானம் மணல்மணலாகத் தெரிகிறது என்பதையும், சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாளைப் பலர் விரும்புவது அது ஈரத்தில் எளிதில் நெளியாது என்பதற்காகவே என்பதையும், அடுத்தடுத்த மடல்களில் பொறுமையாக எழுதினார். மெலிந்த தாளில் வரைந்து, நெளிவு தெரியப் படமெடுத்துப் பகிரும் புதியவர்களின் திறமையைப் பற்றித் தீர்ப்பு எழுதும் முன்பு, அவர்கள் கையில் இருந்த தாள் எது என்று இப்போதெல்லாம் நான் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கேள்வி அவர் தந்தது.

பென்சில் ஓவியங்களைப் பற்றி நான் எழுதியவற்றைத் திருத்தித் தந்தவர், பணி ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர். முதியவர் ஒருவரின் முகத்தை ஓர் இளைஞர் பென்சிலால் வரைந்திருந்தார். ‘இருளவேண்டிய இடங்கள் இருளவில்லை, முழுப் படமும் சாம்பலாக நிற்கிறது’ என்று எழுதி, வெளியிடும் முன்பு ஐயாவின் பார்வைக்கு அனுப்பினேன். கிராஃபைட் பளபளக்கும் பொருள் என்பதையும், 8பி போன்ற மென்மையான பென்சிலை அழுத்தித் தேய்த்த இடத்தில் அதன் தகடுகள் படிந்து கண்ணாடி போல ஒளியைத் திருப்பி அனுப்பும் என்பதையும், எதிரே விளக்கெரிய எடுத்த படத்தில் ஆகக் கருமையான இடமே சாம்பலாகத் தெரியும் என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். பகல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, கேமராவைத் தாளுக்கு நேர் எதிராகப் பிடித்து மீண்டும் ஒரு படம் எடுத்து அனுப்பும்படி அந்த இளைஞரைக் கேட்டேன். வந்த படத்தில் கண்குழிகளும் தாடைக்கு அடியில் இருந்த நிழலும் கும்மிருட்டாக இருந்தன. என் மதிப்புரையின் பாதி அன்றைக்கே குப்பைக்குப் போயிற்று.

1795இல் கோன்டே என்ற பிரெஞ்சுக்காரர் கிராஃபைட் தூளோடு களிமண் கலந்து சுட்டுப் பென்சில் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். களிமண் கூடக்கூடக் கோடு கடினமாகவும் வெளிறியும் விழும். இன்று பெட்டியில் வரிசையாக வரும் எச், பி எண்களுக்கெல்லாம் அந்தக் கலவைக் கணக்குதான் அடிப்படை. இதையும் ஐயாதான் சொன்னார். கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவிடும் ஆசிரியர்களின் வழக்கம் ஓய்வுக்குப் பிறகும் போவதில்லை போலும். எனக்கு அது லாபமாயிற்று.

இனி, என் தலைப்புக்கு வருகிறேன். ஆற்றங்கரைக் காட்சி ஒன்றை டிஜிட்டலில் வரைந்திருந்த சகோதரி ஒருவரின் படத்துக்கு, ‘சாயங்கால வெயிலின் பொன்னிறம் நீரில் உருகி ஓடுகிறது’ என்று தொடங்கி, நான்கு பத்திகளுக்கு அந்தப் பொன்னிறத்தையே போற்றி எழுதியிருந்தேன். அவர் ஒரே வரியில் பதில் அனுப்பினார்: ‘மிக்க நன்றி ஐயா, ஆனால் நான் வரைந்தது நிலவு.’ திரும்பத் திரும்பப் பார்த்தேன், பொன்னிறமாகத்தான் இருந்தது. இரவு நேரத்தில் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று நீல ஒளியைக் குறைக்கும் வசதியை என் திரையில் போட்டுவைத்ததும், எழுதியதெல்லாம் இரவில்தான் என்பதும் அதன் பிறகே உறைத்தது. அதை அணைத்தவுடன் ஆறு முழுவதும் வெள்ளியும் நீலமுமாக மாறியது. நாக்கைக் கடித்துக்கொண்டு, அந்த மாதம் எழுதியவற்றையெல்லாம் பகலில் உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். திரைகள் நிறத்தைக் காட்டும் விதத்தில் ஒரு பொது அளவு வேண்டும் என்பதற்காக எஸ்ஆர்ஜிபி என்ற நியமம் 1996இலேயே வகுக்கப்பட்டது. பார்ப்பவன் அதன்மேல் மஞ்சள் திரை போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் எந்த நியமம்தான் என்ன செய்யும்? என் திரையின் நிறங்களைச் சரிசெய்யக் கற்றுக்கொடுத்த அச்சுத்துறை நண்பருக்கும் இந்த இடத்திலேயே நன்றி சொல்லிவிடுகிறேன்.

அடுத்து நன்றி சொல்ல வேண்டியவரிடம் முதலில் மன்னிப்பும் கேட்கவேண்டும். எழுத்தில் விவரித்தால் படம் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் 2022இல் பொதுமக்கள் கைக்கு வந்த பிறகு, நன்றாக இருக்கும் படத்தையெல்லாம் ஐயத்தோடு பார்க்கும் நோய் எனக்கும் தொற்றியது. கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் வரைந்த உருவப்படத்தைக் கண்டு, ‘இதை நீங்களே வரைந்தீர்களா?’ என்று முகத்தில் அடித்தாற்போல் கேட்டுவிட்டேன். அவர் தன் லேயர்கள், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வரையும் அடுக்குகள், அனைத்தும் தனித்தனியே இருந்த மூலக்கோப்பையும், தொடக்கத்திலிருந்து முடிவு வரை பதிவான வேகக் காணொளியையும் அனுப்பிவைத்தார். கொச்சையான முதல் கோடுகள் ஒரு லேயரில். அவற்றைத் துலக்கிய கோடுகள் இன்னொன்றில். தட்டை நிறங்கள் தனியே. அவற்றின் மேல் கீழுள்ள நிறத்தைக் கருக்கும் மல்டிப்ளை லேயரில் நிழல்கள். காணொளியில் ஓரிடத்தில் அந்த முகம் சட்டென்று இடவலமாகப் புரண்டது. கண்ணுக்குப் பழகிப்போன கோணலைப் பிடிக்க, கண்ணாடியில் பார்ப்பது போலப் படத்தைத் திருப்பிப் பார்ப்பார்களாம். திருப்பியதும் ஒரு கண் மற்றதைவிட மேலேறி நின்றது பளிச்சென்று தெரிந்தது. அவர் அதைக் கீழிறக்கினார், மறுபடி திருப்பினார், மறுபடி இறக்கினார். அந்த ஒரு கண்ணுக்கே ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஆனதாகச் சொன்னார். ‘டிஜிட்டலில் அழித்து வரைவது எளிதுதானே’ என்று அதற்கு முன்பு நான் எழுதிய வாக்கியங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கத் துணிவில்லை. தம்பி, சந்தேகித்தவனுக்குச் சான்றுகளை மட்டும் அனுப்பாமல் பாடத்தையும் சேர்த்து அனுப்பிய உங்கள் பெருந்தன்மையை நான் மறக்கமாட்டேன்.

சொல்லிய கருத்து சரியாக இருந்தும் சொன்ன விதத்தால் நான் தவறிய இடம் ஒன்று உண்டு. ஓடும் குதிரை ஒன்றின் பின்னங்காலில் மூட்டு தவறான இடத்தில் மடிந்திருந்தது. குதிரையின் பின்காலில் பின்னோக்கி மடிவதாக நாம் காண்பது அதன் முழங்கால் அன்று; மனிதரின் கணுக்காலுக்கும் குதிகாலுக்கும் இணையான மூட்டு அது; உண்மையான முழங்கால் மேலே வயிற்றை ஒட்டி மறைந்திருக்கிறது. இதை இரண்டு வரிகளில் எழுதியிருக்கலாம். நானோ வேடிக்கையாக எழுதுவதாக எண்ணிக்கொண்டு, அந்தக் குதிரைக்கு மருத்துவர் தேவை என்று எழுதினேன். வரைந்தவர் அதன் பின் ஐந்து மாதங்கள் எதையும் பகிரவில்லை. என் எழுத்தைத் தொடர்ந்து படிக்கும் மூத்த அக்கா ஒருவர் தனியே மடல் எழுதி, 1515இல் டியூரர் என்ற ஜெர்மானிய ஓவியர் காண்டாமிருகத்தைக் கண்ணால் பாராமலே, ஒரு விவரிப்பையும் ஒரு கோட்டுப்படத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு செதுக்குப்படம் செய்ததை நினைவூட்டினார். அந்த விலங்கின் தோல் இரும்புக் கவசம் போல இருக்கிறது; முதுகில் இல்லாத கொம்பு ஒன்று முளைத்திருக்கிறது; அப்படியிருந்தும் ஐந்நூறு ஆண்டுகளாக மக்கள் அதை வியந்து பார்க்கிறார்கள். ‘நீ இருந்திருந்தால் அவருக்கும் மருத்துவரைப் பரிந்துரைத்திருப்பாய்’ என்று முடித்திருந்தார். குதிரை வரைந்தவருக்கு மன்னிப்பு மடல் எழுதினேன். பதில் வரவில்லை, அந்த ஐந்து மாதங்கள் கழிந்ததும் இரண்டு புதிய குதிரைகள் வந்தன, பின்னங்கால் மூட்டுகள் அச்சொட்டாக இருந்தன. அக்காவுக்கும், திரும்பி வந்தவருக்கும் நன்றி.

கோட்டோவியம் ஒன்றை, அது வேறொருவருடையது என்று அறியாமல், பகிர்ந்தவர் பெயரிலேயே நான் புகழ்ந்து எழுதியபோது, கோடுகளைச் சுற்றி மங்கலான சதுரச் சிதறல்கள் தெரிகின்றன, ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால் பலமுறை சேமித்த நகலில் இப்படி வரும் என்று சொல்லி, மூலத்தைத் தேடத் தொடங்கிய கணினித்துறை அன்பரைக் கைகூப்பி வணங்குகிறேன். படத்தைக் கொண்டு படத்தைத் தேடும் டின்ஐ போன்ற வசதிகள் 2008 முதலே இருக்கின்றன. எனக்குத்தான் அதைப் பயன்படுத்தத் தோன்றவில்லை. வலது கீழ் மூலையில் கையொப்பத்தோடு இருந்த பழைய, பெரிய பிரதியை அவர் ஒரே மாலையில் கண்டுபிடித்தார். அன்று முதல், வரைந்தவரிடம் நேரில் அனுமதி கேட்காமல் எந்தப் படத்தைப் பற்றியும் எழுதுவதில்லை. அனுமதி மறுத்தவர்கள் நால்வர். காரணம் சொல்ல வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை, அப்படியிருந்தும் மரியாதையாகப் பதில் எழுதியதற்கு அவர்களுக்கும் நன்றி உரியது.

என் எழுத்தின் நடையையே மாற்றியவர், இருபது வயதுக்கு மேல் பார்வையை இழந்து, திரைவாசிப்பான் வழியே என் மதிப்புரைகளைக் கேட்டுவரும் வாசகி. ‘தூரிகை வீச்சைப் பற்றி நிறையச் சொல்கிறீர்கள், படத்தில் என்ன இருக்கிறது என்று எங்குமே சொல்லவில்லையே’ என்று எழுதினார். அக்ரிலிக்கில் தீட்டிய ஓர் அறையைப் பற்றியது அந்த மதிப்புரை. உடனே விவரித்து அனுப்பினேன்: இடப்பக்கம் திறந்த சன்னல், தரையில் ஒளிக்கட்டம், நடுவே ஒரு நாற்காலி. அவரிடமிருந்து ஒரு கேள்வி வந்தது: ‘நாற்காலி எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது?’ மறுபடி படத்தைத் திறந்தேன். நாற்காலி சுவரைப் பார்த்திருந்தது. அவ்வளவு வெளிச்சம் வரும் சன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெறுஞ்சுவருக்கு எதிரே, ஒரு சாண் இடைவெளியில். நானூறு சொற்கள் எழுதியும் என் கண்ணில் படாதது அது. படம் முழுவதும் அந்த ஒரு திருப்பத்தில்தான் இருந்தது. ஓவியருக்கு எழுதிக் கேட்டேன். இதுவரை யாரும் கேட்கவில்லை என்று மட்டும் சொன்னார். இப்போது ஒவ்வொரு மதிப்புரையையும் படத்தின் இடது மேல் மூலையிலிருந்து தொடங்கி, எது எங்கே, எதை நோக்கி இருக்கிறது என்று எழுதி முடித்த பிறகே கருத்துக்குள் நுழைகிறேன். அம்மா, உங்களுக்காக என்று தொடங்கியது எனக்கே கண்ணாயிற்று.

ஒற்றுப்பிழைகளைத் திருத்தித் தரும் இரு நண்பர்களுக்கும், இரவில் விளக்கை அணைக்கச் சொல்லி அலுத்துப்போன வீட்டாருக்கும் என் அன்பு.

பிழையோடு வெளிவந்த பதினொரு மதிப்புரைகளை இப்போது திருத்தி வருகிறேன். எதைத் திருத்தினேன், யார் சொல்லித் திருத்தினேன் என்ற குறிப்பு, உரியவர்களின் ஒப்புதலோடு, ஒவ்வொன்றின் அடியிலும் இருக்கும். ஆற்றங்கரைப் படத்துக்கு எழுதியது மட்டும் மாறாது. திருத்தட்டுமா என்று அந்தச் சகோதரியிடம் கேட்டதற்கு, ‘வேண்டாம் ஐயா, அந்தப் பொன்னிற ஆறும் எனக்குப் பிடித்திருக்கிறது, அடுத்து அதையும் வரையப்போகிறேன்’ என்று பதில் எழுதியிருக்கிறார்.

பணிவன்புடன்,
உங்கள் மதிப்புரைகாரன்